ஒரு சொட்டு ரத்தம், நான்கு வரைபடங்கள்: அருகி வரும் மலேரியாவை வடசென்னையில் தேடி வரைவது எப்படி?

வடசென்னையில் ஒரு வீட்டில் குளிர்காய்ச்சல் என்றால் முன்பெல்லாம் அக்கம்பக்கத்தார் வாயில் வரும் முதல் வார்த்தை "மலேரியாவா பாரு" என்பதுதான். இப்போது "டெங்குவா பாரு" என்கிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வேலை பார்த்த மூத்த லேப் டெக்னீஷியன்களைக் கேட்டால், ஒரே நாளில் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் பாசிட்டிவ் பார்த்த காலத்தைச் சொல்வார்கள். இன்று மாதக்கணக்கில் பார்த்தாலும் ஒன்று கிடைப்பது அபூர்வம்.

நல்ல செய்திதான். ஆனால் நோய் குறையக் குறைய அதைத் தேடுவது கடினமாகிறது. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு நோய் இருந்தால் எந்தச் சோதனையாலும் சுமாரான ஒரு வரைபடம் வரைந்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்றால், எந்தச் சோதனையைக் கையில் எடுக்கிறோம் என்பதே வரைபடத்தின் நிறத்தைத் தீர்மானித்துவிடும். 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்கி 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. அந்தக் கடைசிச் சில தொற்றுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டிய சுகாதார ஆய்வாளர்கள், லேப் ஊழியர்கள், சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள், வரைபடம் போடத் தெரிந்த தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வி என்ன?

மலேரியாவுக்கு நான்கு விதச் சோதனைகள் இருக்கின்றன: ஸ்லைடு (ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), கிட் (ஒரு சொட்டு விட்டால் கோடு காட்டும் உடனடிச் சோதனை), பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் லேப் சோதனை), ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய புரதத்தைத் தேடுவது). ஒன்று மட்டம், ஒன்று உசத்தி என்று பேசுவார்கள். என் பார்வையில் ஒவ்வொன்றும் காலத்தின் வேறு வேறு துண்டைக் காட்டுகிறது. ஸ்லைடும் கிட்டும் இந்த வாரம் காய்ச்சலோடு இருப்பவரைக் காட்டும். பி.சி.ஆர். காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கொஞ்சம் கிருமியோடு நடமாடுபவரைக் காட்டும். ஆன்டிபாடி சோதனை, சில மாதங்கள் முதல் பல வருடங்கள் வரை முன்பு கிருமி உடலுக்குள் வந்துபோன தடத்தைக் காட்டும்.

ஆகவே "இங்கே மலேரியா இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இப்போது யாருக்கு நோய், யாரிடம் ஒளிந்திருக்கிறது, கடந்த சில வருடங்களில் எந்தத் தெருவில் பரவியது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை வேறு வேறு வரைபடமாக வரும். அவற்றை ஒன்றாகக் குழப்பி ஒரே வண்ணத்தில் பூசுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அடித்தளம்: பழைய எண், புதிய எண்

வடசென்னையில் முகவரியை நம்பி வரைபடம் போட முடியாது. பழைய எண் 14, புதிய எண் 31 என்று ஒரே வாசலில் இரண்டு பலகை இருக்கும். பக்கத்துத் தெருவிலும் ஒரு 14 இருக்கும். "3-வது தெரு" என்றால் எந்த நகரின் 3-வது தெரு என்று கேட்க வேண்டும். காய்ச்சலோடு வருபவர் ஓ.பி. சீட்டில் சொல்லும் முகவரி பெரும்பாலும் ரேஷன் கார்டில் இருப்பது. அவர் தூங்கும் இடம் வேறாக இருக்கலாம். மலேரியா கொசு கடிப்பது இரவில் என்பதால், "ராத்திரி எங்க படுக்கறீங்க?" என்ற கேள்வியைப் படிவத்தில் முதல் வரியாகவே வையுங்கள். மொட்டை மாடியா, வீட்டுக்குள்ளா, படகிலா, கட்டடம் கட்டும் இடத்துத் தகரக் கொட்டகையிலா என்பதையும் குறியுங்கள்.

ஜி.பி.எஸ். புள்ளியை வாசலில் நின்று எடுங்கள். குறுகலான சந்துகளில் கைபேசி பத்து, இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். வடசென்னையில் இருபது மீட்டர் என்பது அடுத்த தெரு. வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நின்று, புள்ளி நிலைத்தபின் சேமியுங்கள். ஹவுசிங் போர்டு பிளாக் என்றால் ஒரே புள்ளியில் முப்பது, நாற்பது குடும்பம் விழும். அதனால் பிளாக், மாடி, கதவு எண் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

வார்டு எல்லையை மட்டும் வைத்து வரையாதீர்கள். வார்டு நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு. கொசுவுக்கு அது தெரியாது. ஐம்பது முதல் நூறு வீடு வரும் சிறு தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள்தொகை தெரியாமல் போடும் புள்ளி, கூட்டம் அதிகமுள்ள இடத்தை நோய் அதிகமுள்ள இடமாகக் காட்டிவிடும்.

யாரிடம் ரத்தம் எடுப்பது?

நான் சேர்ந்து வேலை செய்த ஓர் ஆய்வில், மருத்துவமனைகளுக்கு வந்த காய்ச்சல்காரர்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டோம். அழகாக வந்தது. சிவப்பு எங்கே அடர்ந்திருந்தது என்று பார்த்தால், மருத்துவமனைக்கு நடந்து வரக்கூடிய தூரத்திலுள்ள தெருக்கள். அதைத் தாண்டினால் வெளிர் நிறம். நாங்கள் மலேரியாவை வரையவில்லை, மருத்துவமனைக்குப் போகும் வழியைத்தான் வரைந்திருந்தோம். அந்தப் பாடம் இன்றுவரை கூடவே இருக்கிறது.

எனவே மூன்று வாய்க்கால்களிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். முதலாவது, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகள், தெருமுனைத் தனியார் கிளினிக்குகள், லேப்கள் எல்லாவற்றிலும் காய்ச்சலுக்குச் சோதித்தவர்கள். தனியார் லேப்களை விட்டுவிட்டால் பாதிப் படம் போய்விடும். எத்தனை பாசிட்டிவ் என்பதோடு, மொத்தம் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற கணக்கையும் வாங்குங்கள். இரண்டாவது, தொகுப்புகளைச் சீட்டுக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரிடமும் எடுக்கும் வீட்டுக் கணக்கெடுப்பு. மூன்றாவது, ஒரு நோயாளி கிடைத்ததும் அவர் வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் சோதிப்பது.

வீட்டுக் கணக்கெடுப்புக்குக் காலை 11 மணிக்குப் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் கிடைப்பார்கள். துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர், காசிமேட்டில் கடலுக்குப் போனவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் யாரும் இருக்க மாட்டார்கள். இரவு வெளியில் கழிப்பவர்களும் அவர்கள்தான். ஞாயிறு மாலை போங்கள். மீனவர்களைப் படகு கரை சேரும் நேரத்தில் பாருங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொட்டகையிலேயே பார்க்கலாம். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். "வெளியூர்க்காரன்தான் நோய் கொண்டு வந்தான்" என்ற பேச்சு தெருவில் எளிதாகக் கிளம்பும். அதற்கு நம் வரைபடம் எண்ணெய் ஊற்றக் கூடாது.

வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்.

"ஆயா, ஜொரம் எதுனா இருக்கா?"

"எனக்கு இன்னாப்பா, நல்லாத்தான் கீறேன். ஜொரம் இல்லாதவளுக்கு எதுக்கு ரத்தம்?"

நியாயமான கேள்வி. "ஜொரம் இல்லாமயே சிலர் ஒடம்புல கிருமி ஒளிஞ்சிருக்கும் ஆயா. கொசு உன்னக் கடிச்சிட்டுப் பேரனக் கடிச்சா அவனுக்கு வரும்" என்றால் பெரும்பாலும் விரலை நீட்டிவிடுவார்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். "மறுத்தார்" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். மறுத்தவர் எந்தத் தெருவில் அதிகம் என்பதும் வரைபடத்துக்குரிய தகவல்தான்.

ஒரு குத்து, நான்கு பயன்

இடது கை மோதிர விரல், ஓரப் பகுதி. கைக்குழந்தை என்றால் குதிகால். ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுக் குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் பரவி ஓடும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்த சொட்டு ஸ்லைடுக்கு. ஒரே கண்ணாடியில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் போடலாம். தடித்த பூச்சு சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அடியிலுள்ள எழுத்து மங்கலாகப் படிக்க முடிய வேண்டும். எழுத்தே தெரியவில்லை என்றால் தடிமன் அதிகம், சாயம் போடும்போது உரிந்துபோகும். அடுத்த சொட்டு கிட்டுக்கு. மீதி இரண்டு, மூன்று சொட்டுகளை வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) வட்டமாக ஊறவிடுங்கள். தாளின் மறுபக்கம் வரை ரத்தம் ஊடுருவ வேண்டும். பி.சி.ஆர்., ஆன்டிபாடி இரண்டுக்கும் இந்தத் தாளே போதும்.

சென்னைக் காற்றின் ஈரப்பதம் இந்தத் தாளுக்கு முதல் எதிரி. வெயிலில் வைக்காமல், நிழலில், ஈ மொய்க்காதபடி சில மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுக்கக் காயவிட்டு, தனித்தனி ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். காயாத தாளில் பூஞ்சை பிடித்தால் அந்த ஆளின் பி.சி.ஆர். நெகட்டிவுக்கு மதிப்பே கிடையாது.

ஸ்லைடு, கிட், படிவம், தாள் நான்கிலும் ஒரே எண் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கையால் எழுதினால் 1-ம் 7-ம் கட்டாயம் குழம்பும்.

நான்கு சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஸ்லைடு இன்றும் அடித்தளம். கிருமியின் இனத்தையும் அடர்த்தியையும் கண்ணால் சொல்ல முடிவது அதில் மட்டும்தான். மலேரியா கிருமியில் இங்கே முக்கியமாகப் பார்க்கும் இரண்டு இனங்கள் வைவாக்ஸ், ஃபால்சிபாரம். சென்னையில் பெரும்பாலும் வைவாக்ஸ். வீங்கிய சிவப்பணு, அதற்குள் கைகால் நீட்டியது போன்ற உருவம், சிறு புள்ளிகள் தெரியும். ஃபால்சிபாரம் என்றால் மெல்லிய மோதிரங்களும் வாழைப்பழ வடிவ உருவமும். தடித்த பூச்சில் குறைந்தது நூறு களம் (மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவைக்குக் கண்ணில் படும் வட்டம் ஒரு களம்) பார்த்த பிறகே நெகட்டிவ் என்று எழுத வேண்டும். ஒரு ஸ்லைடுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மாதக்கணக்கில் பாசிட்டிவே பார்க்காத கண், வரும்போது தவறவிடும். இது யாருடைய குற்றமும் இல்லை, மனிதக் கண்ணின் இயல்பு. அதனால் அவ்வப்போது பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகளைக் கலந்து கொடுத்துப் பயிற்சி தர வேண்டும். களத்தில் ஸ்லைடு பிடிப்பது ஒரு மைக்ரோலிட்டரில் 50 முதல் 100 கிருமிக்கு மேல் இருந்தால்தான். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே நாடுவதால் அதன் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும்.

கிட் கால் மணி, அரை மணியில் விடை சொல்லும். ஒரு கோடு ஃபால்சிபாரத்தின் ஹெச்.ஆர்.பி.-2 புரதத்துக்கு, இன்னொன்று வைவாக்ஸின் எல்.டி.ஹெச். நொதிக்கு. இங்கே இரண்டு பொறிகள். ஹெச்.ஆர்.பி.-2, மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கிட் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்று வந்தால் "போன மாசம் மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். மற்றொரு பக்கம், அந்தப் புரதத்தின் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் வகைகளும் உண்டு, அவற்றைக் கிட் பிடிக்காது. பைக் பெட்டியில் மே மாத வெயிலில் கிட்டை வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். உறையில் போட்ட வெப்ப அளவைத் தாண்டினால் கோடு வராமல் போகலாம், அதை நெகட்டிவ் என்று எழுதிவிடுவோம்.

பி.சி.ஆர். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டுவது. மைக்ரோலிட்டருக்கு ஓரிரு கிருமி இருந்தாலும் கண்டுபிடிக்கும். ஸ்லைடில் தெரியாமல் ஒளிந்திருப்பவர்களை வெளியே கொண்டுவர இதுவே வழி. செலவு அதிகம். அதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு: பத்துப் பேரின் தாளிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை. நெகட்டிவ் என்றால் பத்துப் பேருக்கும் முடிந்தது. பாசிட்டிவ் என்றால் மட்டும் பத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். நோய் குறைவான இடத்தில் இதனால் பெரும்பகுதிச் செலவு மிச்சம். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்த மாதிரியையும் கூடவே ஓட்டுங்கள். அது பாசிட்டிவ் ஆனால் லேபில் கலப்படம், அன்றைய முடிவுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆன்டிபாடி. இன்று ஒரு கிருமிகூடக் கிடைக்காத தெருவில்கூட இது பேசும். தனி ஆளின் முடிவைப் பார்க்காமல் வயதுவாரியாகப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரர்களிடம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளிடம் இல்லை என்றால், இங்கே முன்பு பரவியது, பிறகு நின்றுவிட்டது. ஊரை விட்டுப் போகாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடமே இருக்கிறது என்றால் அந்தத் தெருவில் சமீபத்தில் பரவல் நடந்திருக்கிறது, ஸ்லைடு எத்தனை நெகட்டிவ் ஆனாலும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்காதீர்கள், தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழப்பும். பிறந்த ஊர், இங்கே வந்த வருடம் இரண்டையும் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்வது வீண். ஜார்க்கண்டில் சிறு வயதில் வந்த காய்ச்சலைத் தண்டையார்பேட்டையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கொஞ்சம் கணக்கு

பத்தாயிரம் பேரில் உண்மையாகவே 10 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாதவரை 99 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று. நல்ல சோதனைதான். ஆனால் அது நோயில்லாத சுமார் 100 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்னும். உண்மையான 10-ல் 9 பேரைப் பிடித்தாலும், மொத்தம் 109 பாசிட்டிவில் 9 மட்டுமே நிஜம். இந்த 109-ஐ அப்படியே வரைபடத்தில் வைத்தால் நகரமே சிவந்துபோகும். அருகி வரும் நோய்க்கு ஒரு சோதனையின் பாசிட்டிவை இன்னொரு சோதனையால் உறுதி செய்யாமல் புள்ளி வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கம்: ஒரு தொகுப்பில் 300 பேரைச் சோதித்து ஒருவருக்கும் இல்லை என்றால், "பூஜ்யம்" என்று எழுத முடியாது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவே. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்ல 3000 பேரைப் பார்த்திருக்க வேண்டும்.

அட்டவணையும் வரைபடமும்

எக்செலில் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு சோதனைக்கு ஒரு பத்தி. பாசிட்டிவ், நெகட்டிவ், செய்யவில்லை, கெட்டுப்போனது, மறுத்தார் என ஐந்தையும் வேறுபடுத்துங்கள். காலிக் கட்டமே இருக்கக் கூடாது.

கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற, வரைபடம் போடும் இலவச மென்பொருள் போதும். நான்கு சோதனைக்கும் நான்கு அடுக்கு, ஒரே அளவில், ஒரே எல்லையில். பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஐந்தாவதாக ஓர் அடுக்கு கட்டாயம் வேண்டும்: ஒவ்வொரு தொகுப்பிலும் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பது. தேடியும் கிடைக்காத தெருவுக்கு ஒரு நிறம், தேடவே இல்லாத தெருவுக்குச் சாம்பல் கோடுகள். இந்த இரண்டையும் ஒரே பச்சையாகப் பூசிய வரைபடங்கள் கூட்டங்களில் திரையில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பச்சையை நம்பித்தான் அடுத்த வருடம் ஆட்களைக் குறைக்கிறார்கள்.

40 பேரில் 1 பாசிட்டிவ் என்றால் 2.5 சதவீதம், வரைபடத்தில் அனல் பறக்கும். அடுத்த ஆளைச் சோதித்திருந்தால் மாறியிருக்கும். சிறு எண்ணிக்கை உள்ள தொகுப்புகளை அக்கம்பக்கத் தொகுப்புகளோடு சேர்த்துச் சமன்படுத்தும் புள்ளியியல் முறைகள் உண்டு, தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தெரியாவிட்டால் சதவீதத்தைப் போடாமல் "1/40" என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள். அதுவே நேர்மை.

நான்கு அடுக்கும் ஒத்துப்போனால் வேலை எளிது. ஒத்துப்போகாத இடங்களில்தான் சேதி இருக்கிறது. ஸ்லைடு இல்லை, பி.சி.ஆர். இருக்கிறது: ஒளிந்திருக்கும் தொற்று. எதுவும் இல்லை, பிள்ளைகளிடம் ஆன்டிபாடி மட்டும் இருக்கிறது: கடந்த சில வருடங்களில் நாம் தவறவிட்ட பரவல். வெளியூர் போய் வந்தவர்களிடம் மட்டும் எல்லாம் இருக்கிறது: இறக்குமதி. ஆனால் கொசு அங்கே இருந்தால் நாளை உள்ளூர்.

தண்ணீர் அடுக்கு

வடசென்னையில் மலேரியா என்றவுடன் பக்கிங்காம் கால்வாயையும் ஓட்டேரி நாலாவையும் கைகாட்டுவார்கள். அங்கே வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. இரவெல்லாம் காதில் ரீங்காரமிடுவது அதுதான், மலேரியாவைப் பரப்புவது அது இல்லை. நகர மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற கொசு. அது தேடுவது நல்ல தண்ணீரை: மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப், கட்டடத்தில் சுவர் நனைக்கத் தேக்கிய நீர், லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத தெருவில் சேமிப்பு அதிகம், கொசுவும் அதிகம்.

ஆகவே கால்வாய் ஓரத்தைச் சிவப்பாக்காமல், மாடி ஏறுங்கள். தொட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நீர்ப்பரப்போடு படுத்த மேனிக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அனோபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். எத்தனை தொட்டி பார்த்தோம், எத்தனையில் புழு என்பதை ஒரு தனி அடுக்காகப் போடுங்கள். மாநகராட்சியின் கொசுப்புழு சோதனைப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குபவர்கள். எந்த வீட்டுத் தொட்டிக்கு மூடி இல்லை, எந்த வீட்டில் மாடிக் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். அவர்களைக் கேட்காமல் இந்த அடுக்கை வரைய முடியாது.

புள்ளி வைத்த பிறகு

பி.சி.ஆர். முடிவு வர வாரக்கணக்கு ஆகலாம். வந்ததும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிச் சிகிச்சை தொடங்க வேண்டும். ரத்தம் வாங்கிவிட்டு முடிவு சொல்லாமல் போன ஆய்வுக்காரர்களை வடசென்னைத் தெருக்கள் மறப்பதில்லை. அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது.

வைவாக்ஸ் ஈரலில் உறங்கி, மாதங்கள் கழித்து மறுபடி எழும். குளோரோகுயின் ரத்தத்திலுள்ளதை மட்டும் தீர்க்கும். ஈரலில் இருப்பதற்கு பிரைமாகுயின் 14 நாள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும், எனவே மருத்துவர் பார்த்த பிறகே. மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடுவதால் பலர் மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் மறுபடி பாசிட்டிவ் ஆனால், அது புதுத் தொற்றா, பழையது எழுந்ததா என்று வரைபடம் குழம்பும். அதனால் படிவத்தில் "இதற்கு முன் மலேரியா எப்போது? 14 நாளும் சாப்பிட்டாரா?" என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

வெளியே கொடுக்கும் வரைபடத்தில் வீட்டுப் புள்ளி இருக்கவே கூடாது. தொகுப்பு அளவில் மட்டும் காட்டுங்கள். வீட்டு அளவு வரைபடம் சிகிச்சை தருபவர்களிடம் மட்டும் இருக்கட்டும். அதில் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் 14 சிறு கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். தினம் ஒரு மாத்திரை விழுங்கியதைப் பார்த்தபின் ஒரு கட்டத்தை நிரப்புவோம். பதினான்கும் நிறைந்த பிறகுதான் அந்தப் புள்ளியின் நிறத்தை மாற்றுவது.